பூனையும் முயலும் ஒரே வீட்டில்

பூனையையும் முயலையும் ஒரே வீட்டில் வளர்க்கலாம். ஆனால் முயல் நன்கு வளர்ந்ததாக இருக்க வேண்டும். குட்டி முயல் பூனையின் கண்ணுக்கு எலி அளவுதான், அந்த ஆபத்தே வேண்டாம்.

முதல் ஒன்றிரண்டு வாரம் தனித்தனி அறை. ஒன்று படுத்த துணியை மற்றதன் இடத்தில் போட்டு வாசனையைப் பழக்குங்கள். பிறகு முயலைக் கம்பி அடைப்புக்குள் விட்டு, பூனையை வெளியே விடுங்கள். தினமும் 10 நிமிடம் போதும். அடைப்புக்குள் இரண்டு வாசல் வைத்த அட்டைப்பெட்டி ஒன்று கட்டாயம். ஒரே வாசல் என்றால் முயல் உள்ளே மாட்டிக்கொண்டதாகவே உணரும்.

பூனை உடம்பைத் தரையோடு ஒட்டி, வால் நுனியை மட்டும் ஆட்டினால் அது வேட்டைக்குத் தயார். உடனே பிரித்துவிடுங்கள். முயல் பின்னங்காலால் தரையைத் தட்டினாலும், கண் பிதுங்க உறைந்து நின்றாலும் அப்படியே. முயல் ஓடினால் பூனை துரத்தும், எவ்வளவு சாதுவான பூனையானாலும் சரி.

சின்னக் கீறல்தானே என்று தயவுசெய்து விடாதீர்கள். பூனையின் வாயிலும் நகத்திலும் இருக்கும் பாக்டீரியா முயலுக்குச் சீழ்க்கட்டி வரவைக்கும். அன்றே மருத்துவரிடம் போங்கள். பயந்த முயல் தீனியை நிறுத்தும். 12 மணி நேரம் சாப்பிடாவிட்டால் குடல் இயக்கம் நின்றிருக்கலாம், அது அவசர நிலை.

இன்னொன்று: பூனைக்கு உண்ணி மருந்தாகப் போடும் ஃபிப்ரோனில் முயலுக்கு விஷம். பூனை மலசலம் கழிக்க வைக்கும், நனைந்தால் கட்டியாகும் மணலை முயல் தின்றால் குடல் அடைக்கும்.