அணியப் பக்கத்து டெக்: உள்பலகை ஒட்டியாயிற்று

தட்டினால் இப்போது டங்கென்று கேட்கிறது. படகின் முன்பக்கமான அணியப் பக்கத்து டெக் முழுக்க ஒரு ரூபாய் நாணயத்தால் சாணுக்குச் சாண் தட்டிப் பார்த்துவிட்டேன். பொத்தென்று ஒரு இடமும் இல்லை, அதாவது பலகை எங்கும் ஒட்டாமல் இல்லை. கொல்லங்கோட்டில் தென்னைகளுக்கு நடுவே 24 அடிப் பாய்ப்படகை ஏற்றி வைத்திருப்பவன் கொஞ்சம் பீற்றிக்கொள்ளலாம்.

இந்த டெக் மேலும் கீழும் இரண்டு பைபர் தோல், நடுவில் ஒரு பலகை. அப்படி உள்ளே இருந்த பால்சா என்ற லேசான மரம் கையால் அள்ளும் அளவுக்கு ஊறிப்போயிருந்தது. வழக்கம்போல, கைப்பிடிக் கம்பிகளின் போல்ட் ஓட்டை வழியாக இறங்கிய தண்ணீர். மேல்தோலை அறுத்தது, சுரண்டியது, ஓரங்களைத் தோலின் தடிப்பைப்போல் 12 மடங்கு நீளச் சரிவாகத் தேய்த்தது எல்லாம் தூசியும் அரிப்பும்தான், எழுத ஒன்றுமில்லை.

பெரிய பாடு ஒட்டுவதில். மேலிருந்து பலகையை அழுத்தும்போது அடியில் காற்று சிக்கும். சிக்கியது கண்ணுக்குத் தெரியாது. அதனால் 6 மில்லிமீட்டர் மரைன் பிளைவுட் இரண்டு அடுக்கு. 12 மில்லிமீட்டர் ஒரே பலகை டெக்கின் வளைவுக்குப் படியாது. முதல் அடுக்கில் 10 சென்டிமீட்டருக்கு ஒரு சின்ன ஓட்டை. முதலில் பலகைக்கு வெறும் எபாக்ஸி (இரண்டு திரவங்களைக் கலந்தால் இறுகும் பிசின்) பூசிவிட வேண்டும், இல்லாவிட்டால் காய்ந்த மரம் பசையில் இருப்பதையெல்லாம் குடித்துவிடும். பிறகு ஏரோசில் என்ற மெல்லிய சிலிகா பொடி கலந்த கெட்டி எபாக்ஸியை டைல்ஸ் ஒட்டுகிறவர்களின் பல் கரண்டியால் கீழ்த்தோலில் வாரிவிட்டேன். பலகையை வைத்து, பாலித்தீன் விரித்து, மணல் மூட்டை ஏற்றியதும் ஒவ்வொரு ஓட்டையிலும் இடியாப்ப உழக்கைக் கவிழ்த்துப் பிழிந்ததுபோல் பசை எட்டிப்பார்த்தது. எட்டிப்பார்க்காத ஓட்டைக்கு அடியில் காற்று இருக்கிறது என்று பொருள். அங்கே இன்னொரு மூட்டை.

இதைவிட முக்கியம் நேரம். காலையில் பூசினால் வெயில் ஏற ஏற மரத்துக்குள் இருக்கும் காற்று விரிந்து, எபாக்ஸியில் குமிழ் குமிழாக வெளியேறும். சாயங்காலம் மரம் குளிரும்போது அதே காற்று சுருங்கி எபாக்ஸியை உள்ளே இழுத்துக்கொள்ளும். நாலரை மணிக்கு முன்னால் டப்பாவைத் திறப்பதே இல்லை. அப்போதும் கலந்தவுடன் அகலத் தட்டில் ஊற்றிவிட வேண்டும். நம் ஊர்ச் சூட்டில் டப்பாவிலேயே விட்டால் புகைந்துவிடும்.

பக்கத்து வீட்டு அண்ணன், கட்டுமரக் காலத்திலிருந்து கடலுக்குப் போகிறவர், “என்னத்துக்கு மக்கா இவ்வளவு பாடு? மேல ரெண்டு மேட்டு ஒட்டி விட்டா போதாதா?” என்றார். மேட்டு என்பது பைபர் இழைகளை ஒட்டிச் செய்த பாய் (mat). அவர்கள் வள்ளம் பெரும்பாலும் ஒற்றைத் தோல், அதற்குச் சரி. இங்கே நடுப்பலகை செத்தால் இரண்டு தோலும் தனித்தனியாக ஆடும்.

உதவிக்கு ஆள் தேடிப் பயனில்லை. ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை மேற்குக் கரையில் மீன்பிடித் தடைக்காலம். போட்டுகளெல்லாம் கரையேறி, பைபர் வேலைக்காரர்கள் அத்தனை பேரும் அங்கேதான். சாமான் கிடைப்பதும் பாடுதான். துறைமுகக் கடைகளில் சாதா பைபர் வேலைக்கான பாலியெஸ்டர் ரெசின் எவ்வளவு வேண்டுமானாலும் உண்டு, எபாக்ஸி என்றால் கொச்சியிலிருந்து பார்சல். பால்சா கேட்ட கடைக்காரர் முழுப் பெட்டியாகத்தான் தருவேன் என்றார். நாலு மடங்கு கனமானாலும் பிளைவுட் போதும் என்று முடிவெடுத்தது அங்கேதான். வாங்குகிறவர்கள் மரைன் பிளைவுட்டுக்கான இந்தியத் தரமான ஐ.எஸ். 710 முத்திரையைப் பார்த்து வாங்குங்கள். எபாக்ஸிக்குச் சாதா மேட்டு வேண்டாம். அதன் இழைகளைப் பிடித்திருக்கும் பசை பெரும்பாலும் பாலியெஸ்டரில் உள்ள ஸ்டைரீனில்தான் கரையும். தையல் போட்ட பைபர் துணி சொல்லியிருக்கிறேன்.

அது வந்தால்தான் மேல்தோல். அதற்குள் பாய்மரத்துக்கு அடியில் என்ன பலகை வைப்பது, பின்பக்கத் தளத்தையும் பிரிக்கலாமா என்று கை அரிக்கிறது. போல்ட் ஓட்டைகளைப் பெரிதாகக் குடைந்து கெட்டி எபாக்ஸி நிரப்பி, நடுவில் மறுபடி துளைத்த பிறகே கம்பிகளைப் பூட்டுவேன். அதுவரை அவற்றில் வீட்டார் துணி காயப்போடுகிறார்கள்.