பெயர்க்க முடியாத சாமி

பிரதோஷத்துக்குக் கூட்டமில்லாத பழைய சிவன் கோயிலாகப் பார்த்துக் கூட்டிப்போகச் சொன்னார் அம்மா. மதுரையிலிருந்து சுமார் 25 கி.மீ., மேலூர் பக்கம் அரிட்டாபட்டிக்குப் போனோம்.

கழிஞ்சமலைச் சரிவில் பாண்டியர் குடைந்த கோயில் அது. 1,200 வருடங்களுக்கு மேலாகிறது. ஊரில் இடைச்சி மண்டபம் என்கிறார்கள். வாசலின் ஒரு பக்கம் பிள்ளையார், இன்னொரு பக்கம் கையில் தண்டோடு இலகுலீசர். பாசுபத சைவத்தின் குருவான அவரைத் தமிழ்நாட்டில் பார்ப்பது அபூர்வம்.

உள்ளே எட்டிப் பார்த்த அம்மா, "எங்கேயும் ஒட்டு தெரியலையேய்யா" என்றார். ஒட்டு கிடையாது. லிங்கமும் தரையும் சுவரும் ஒரே பாறை. மற்ற கோயில்களில் திருப்பணி என்றால் பாலாலயம் செய்து சாமியை வேறிடத்தில் வைக்கலாம். இவரை எங்கே வைப்பது? மலைதானே சாமி!

2024 நவம்பரில் இந்தப் பகுதியில் டங்ஸ்டன் என்ற உலோகத்தைத் தோண்டி எடுக்க ஏலம் முடிந்தது என்று கேட்டபோது எனக்கு அடிவயிறு கலங்கிவிட்டது. 2,015 ஹெக்டேர். 2022-லேயே பல்லுயிர் பாரம்பரியத் தலமாக அறிவிக்கப்பட்ட இடமும் அதற்குள் வந்தது. அப்புறம் அந்த இடத்தை மட்டும் விலக்கி எல்லையை மறுபடி ஆராயலாம் என்றார்கள். அது எப்படிப் போதும்? இங்கே ஏழு குன்றுகள், 72 ஏரிகள், 200 சுனைகள். மலையில் விழும் மழைதான் ஊற்றாகிக் கண்மாய்க்குப் போகிறது. சுற்றிலும் தோண்டிவிட்டு நடுவில் சாமியை மட்டும் விட்டுவைத்தால் அபிஷேகத்துக்குத் தண்ணீர் ஏது, விளக்கேற்ற ஊர் ஏது?

ஊர்க்காரர்கள் விடவில்லை. 2025 ஜனவரி 7 அன்று நரசிங்கம்பட்டியிலிருந்து மதுரைக்கு ஆயிரக்கணக்கில் நடந்தே போனார்கள். 23ஆம் தேதி ஏலத்தை ரத்து செய்வதாக மத்திய அரசு அறிவித்தது.

கும்பிட்டுவிட்டு, அதே மலையில் சமணர் குகைக்கும் ஏறினோம். அம்மாவுக்கு மூட்டுவலி, நாலு இடத்தில் உட்கார்ந்து உட்கார்ந்துதான் வந்தார். குகை விளிம்பில் 2,000 ஆண்டுகளுக்கு முந்தைய தமிழி எழுத்து. பக்கத்துப் பாறையில் மகாவீரர், கீழே 10ஆம் நூற்றாண்டு வட்டெழுத்து. அச்சணந்தி என்ற சமணத் துறவி செய்வித்த திருமேனி இது, பாதிரிக்குடியார் ரட்சை என்று அதில் இருப்பதை நான் படித்திருந்தேன். அம்மாவிடம் சொன்னேன்.

"ரட்சைன்னா?"

"பாதிரிக்குடிங்கிறது இந்த ஊரோட பழைய பேரு. ஊர்க்காரங்கதான் காப்பாத்தணும்னு ஒப்படைச்சிருக்காங்கம்மா."

அம்மா கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு பையிலிருந்த மிச்சப் பூவை மகாவீரர் பாதத்தருகே வைத்தார். திரும்பி, கீழே தெரிந்த ஊரைப் பார்த்தும் ஒரு தடவை கைகூப்பினார்.