57-வது ஃபிரேமில் ஒரு ஓட்டை

நேற்று ராத்திரி ஒரு டம்ளரில் தண்ணீர் நிரப்ப எனக்கு ஆறு மணி நேரம் ஆனது.

குழாயில் தண்ணீர் வரவில்லையா என்று கேட்காதீர்கள். இது கணினிக்குள் இருக்கிற டம்ளர். மேலிருந்து தண்ணீர் விழ வேண்டும், கண்ணாடி டம்ளர் நிரம்ப வேண்டும், அவ்வளவுதான் காட்சி. ஐந்து விநாடி, 120 ஃபிரேம். வெளிச்சம் ரெடி, மேஜை ரெடி, டம்ளர்மேல் லேசான விரல் ரேகைகூட ரெடி. தண்ணீர்தான் பாக்கி. "தண்ணிதானே, சாப்பாட்டுக்கு முன்னாடி முடிஞ்சிடும்" என்று மச்சானிடம் போனில் பெருமையடித்தேன். என் நாக்கில்தான் சனி என்று நம் வீட்டில் எல்லாருக்கும் தெரியும்.

56-வது ஃபிரேம் வரை சமர்த்தாக விழுந்தது. 57-இல் டம்ளரின் அடியிலிருந்து ஒரு சொட்டு எட்டிப் பார்த்தது. 60-இல் நாலு சொட்டு. 80 தாண்டியபோது டம்ளருக்குள் இருந்ததைவிட மேஜைமேல் இருந்ததுதான் அதிகம். கண்ணாடியில் விரிசலும் இல்லை, ஓட்டையும் இல்லை. தண்ணீர் பாட்டுக்குச் சுவரைத் தாண்டி வந்துகொண்டிருந்தது, பேய்ப்படத்தில் வருகிற மாதிரி.

வழக்கமான வைத்தியம் எல்லாம் பார்த்தேன். ஸ்கேலை, அதாவது டம்ளரின் அளவை மாற்றியதை, அப்ளை பண்ணியிருக்கிறேனா? ஆச்சு. நார்மல்கள், அதாவது பரப்பு எந்தப் பக்கம் பார்க்கிறது என்று காட்டுகிற குறிகள், திரும்பிக் கிடந்தால் எது உள்ளே எது வெளியே என்று கணினிக்குக் குழம்பிவிடும். அதுவும் சரியாகத்தான் இருந்தது. ஒவ்வொரு தடவையும் மாற்றிவிட்டு மறுபடி பேக் போட வேண்டும், அதாவது தண்ணீரின் ஓட்டத்தை முதலிலிருந்து கணக்கிட வைக்க வேண்டும். பேக் ஓடும்போது நம் கணினி போடுகிற சத்தம்தான் உங்களுக்குத் தெரியுமே, காலி மிக்ஸியை ஓடவிட்ட மாதிரி.

அந்தச் சத்தத்தில்தான் அம்மா எழுந்து வந்தாள்.

"இன்னும் அந்த டம்ளர் ரொம்பலையா?"

"ஒழுகுதும்மா."

குனிந்து திரையைப் பார்த்தாள். கண்ணாடியை மூக்கில் ஏற்றிவிட்டு இன்னொரு தடவை பார்த்தாள். "கொஞ்சம் கனமான டம்ளரா எடுத்து வையேன்டா."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. உட்காரவைத்து பாடம் எடுத்தேன். கணினிக்குத் தண்ணீரும் தெரியாது, கண்ணாடியும் தெரியாதும்மா. எல்லாவற்றையும் குட்டிக் குட்டிக் கட்டமாகத்தான் பார்க்கும். தண்ணீர் ஓடுகிற பெட்டிக்கு டொமைன் என்று பேர். நம்முடையது 60 செ.மீ.; அதை 64 கூறு போட்டிருக்கிறேன். ஒரு கட்டம் ஒன்பது மில்லிமீட்டருக்கு மேல் வரும். டம்ளர் சுவரோ மூன்று மில்லிமீட்டர். ஒன்பது மில்லிமீட்டர் கண் இருக்கிற வலையில் மூன்று மில்லிமீட்டர் மீன் சிக்குமா?

"அதைத்தானே நானும் சொன்னேன்" என்று சொல்லிவிட்டுப் படுக்கப் போனாள். நான் அதைக் காதில் வாங்கவில்லை.

மச்சானுக்குப் போன் போட்டேன். "ரெசல்யூஷனை ஏத்துங்க மச்சான்." தலைவலி என்றாலும் அவர் இதைத்தான் சொல்வார். 64-ஐ 128 ஆக்கினேன். கேட்க இரண்டு மடங்குதான். ஆனால் நீளம், அகலம், உயரம் மூன்றிலும் இரண்டு மடங்கு ஆவதால் எட்டு மடங்கு கட்டங்கள். இரண்டரை லட்சத்துச் சொச்சம் இருந்தது இருபது லட்சத்தைத் தாண்டியது. இரண்டு மணி நேரம் மிக்ஸி ஓடியது. சும்மா உட்கார்ந்திருக்கப் பிடிக்காமல், இந்தத் தண்ணீரை ஓடவைக்கிற ஃபிளிப் என்ற கணக்கு முறையின் கதையைத் தேடிப் படித்தேன். பிராக்பில், ரூப்பெல் என்ற இரண்டு பேர் 1986-இல் எழுதியது. அனிமேஷன் தண்ணீருக்கு அதை 2005-இல் ஜூவும் பிரிட்சனும் கொண்டுவந்தார்கள். இத்தனை வருஷம் இத்தனை பெரிய மூளைகள் உழைத்திருக்கின்றன, என் டம்ளர் ஒழுகுகிறது.

ஆமாம், மறுபடி ஒழுகியது. 57-க்குப் பதிலாக 61. கட்டம் இப்போது 4.7 மில்லிமீட்டர், சுவர் அதே மூன்று. கணக்கை முன்னாடியே போட்டிருந்தால் இரண்டு மணி நேரம் தூங்கியிருக்கலாம். 256 போடலாம்தான். ஒன்றரைக் கோடிக்கு மேல் கட்டம். கணினி அத்தோடு காலமாகிவிடும்.

அப்போதுதான் அம்மா சொன்னது உறைத்தது. கனமான டம்ளர்! இரண்டு செ.மீ. சுவரோடு இன்னொரு டம்ளர் செய்து முதல் டம்ளர்மேல் கவசம்போல் மாட்டினேன். உள்பக்கம் அச்சாக அதேதான். ரெண்டரில், அதாவது கடைசியில் வருகிற படத்தில், தெரியாதபடி மறைத்துவிட்டேன். தண்ணீரைத் தடுப்பது தடியன், கேமராவுக்குப் போஸ் கொடுப்பது ஒல்லி.

ஓட்டிப் பார்த்தேன். 61-இல் சொட்டு.

சுவரை மூன்று செ.மீ. ஆக்கினேன். சொட்டு. ஐந்து ஆக்கினேன். டம்ளர் உரல் ஆகிவிட்டது. அப்போதும் அதே சொட்டு, அதே சாய்வு, வலது ஓரத்தில் அதே பிசிறு. முன்னே இரண்டு மணி நேரம் எடுத்தது இப்போது தட்டியதும் ஓடுகிறதே என்று அப்போதே யோசித்திருக்க வேண்டும். கணினி பழகிவிட்டது போல என்று நினைத்தேன். சத்தியமாக அப்படித்தான் நினைத்தேன். பழைய கேஷை, அதாவது முந்தைய பேக்கில் கணக்கிட்டுச் சேமித்த ஓட்டத்தை, நான் காலி பண்ணவே இல்லை. ஒரு மணி நேரமாகச் செத்துப்போன தண்ணீருக்கு அணை கட்டிக்கொண்டிருந்திருக்கிறேன்.

அப்புறம் கேஷைக் காலி பண்ணி, கட்டம் இன்னும் சின்னதாகட்டும் என்று பெட்டியையும் 30 செ.மீ.க்குச் சுருக்கி, உரலை மறுபடி டம்ளர் ஆக்கி, பேக் போட்டேன். இரண்டரை மணிக்கு நிரம்பியது. மேற்பரப்பு மட்டும் கொதிக்கிற மாதிரி நடுங்கியது. அதை வழவழப்பாக்குகிற ஸ்மூத்திங்கைக் கொஞ்சம் ஏற்றினேன், அடங்கிவிட்டது. 57, 61, 80, 120. ஒரு சொட்டு வெளியே இல்லை. திரும்பத் திரும்ப ஓட்டிப் பார்த்துக்கொண்டே இருந்தேன்.

பின்னால் அம்மா நின்றிருந்தாள். எப்போது வந்தாளோ தெரியாது. மூன்று தடவை பார்த்தாள்.

"ரொம்பிடுச்சே."

"கனமான டம்ளர் வச்சேம்மா."

அதற்கு அவள் ஒன்றும் சொல்லவில்லை. "நீ தண்ணி குடிச்சியா?" என்றாள்.

யோசித்துப் பார்த்தேன். ஆறு மணி நேரத்தில் ஒரு வாய் குடிக்கவில்லை. உள்ளே போய்க் கொண்டுவந்து நீட்டினாள். வாங்கியதும் என் கை தன்னாலே டம்ளரின் அடியைத் தடவிப் பார்த்தது.

"ஒழுகலடா, குடி."