மஞ்சள் மெழுகும் சிவப்பு மெழுகும்

தாயின் ரத்தமும் சிசுவின் ரத்தமும் ஒரே குழாய்களில் ஓடுகின்றனவா? பண்டைய கிரேக்க மருத்துவர் காலென் காலம்தொட்டு 'ஆமாம்' என்றே நம்பினார்கள். 1564இல் இத்தாலிய உடற்கூறியலாளர் அரான்ஸியோ அதை மறுத்தார். ஆனால் மறுப்பது வேறு, கண்ணெதிரே காட்டுவது வேறு.

பிரசவத்தில் வெளிவரும் நஞ்சுக்கொடியை எத்தனை முறை அறுத்துப் பார்த்தாலும் பயனில்லை. கருப்பையோடு ஒட்டியிருந்த இடம்தான் முக்கியம். அது அப்போதே கிழிந்துவிடுகிறது. ஆகவே பிரசவிக்காமலே இறந்த நிறைமாதக் கர்ப்பிணியின் உடல் வேண்டும். 1543இல் உடற்கூறியலாளர் வெசாலியஸ் தன் நூலில் மனிதக் கருவுக்கு நாயினுடையது போன்ற பட்டை வடிவ நஞ்சுக்கொடியை வரைந்ததும், 1555 பதிப்பில் அதைத் திருத்தியதும் அந்தப் பஞ்சத்தால்தான் என்பது என் எண்ணம்.

அப்படியொரு உடல் 1754 மே மாதவாக்கில் லண்டன் மருத்துவர் மெக்கன்சிக்குக் கிடைத்தது. தமனிகளில் சிவப்பு, சிரைகளில் மஞ்சள் என நிறமூட்டிய மெழுகைச் செலுத்தினார். இந்த வேலையில் பக்குவம்தான் எல்லாம். உடல் குளிர்ந்திருந்தால் பெரிய குழாயிலேயே மெழுகு உறைந்து நின்றுவிடும். மிஞ்சி அழுத்தினால் மெல்லிய சுவர் வெடித்து, மெழுகு கண்ட இடத்தில் பரவும்.

அவர் கருப்பையைத் திறந்ததும் உடற்கூறியலாளர் ஜான் ஹண்டரை அழைத்தார். நஞ்சுக்கொடியை மெல்லப் பிரிக்கையில் அதற்கும் கருப்பைக்கும் நடுவே மெழுகுத் துண்டுகள் சாய்வாக ஓடி, முறிந்து, ஒரு பகுதி நஞ்சுக்கொடிப் பக்கம் தங்கிற்று. தமனிகள் திருகுசுருளாக வந்து நஞ்சுக்கொடியின் மேற்பரப்பில் மறைந்தன. உள்ளே வெட்டினால் ஓரிடத்தில் மஞ்சள், ஓரிடத்தில் சிவப்பு, பல இடங்களில் இரண்டும் கலந்து. குழாய் வடிவமே இல்லை, மெழுகுக் கட்டிகள்! தாயின் ரத்தம் பஞ்சு போன்ற வெளியில் கொட்டி, அங்கிருந்தே சிரைக்குத் திரும்புகிறது என்பதை அந்தக் கட்டிகளில் கண்டார் ஹண்டர். அந்தத் தாயின் பெயரை அவர் எழுதவில்லை, எழுதியிருக்கலாம்.

இதை மட்டும் வைத்து முடிவுகட்ட முடியாது. சுவர் வெடித்துக் கசிந்த மெழுகும் இதே போலத்தான் தெரியும். அதனால் எதிர்ப்பக்கமிருந்தும் சோதிக்க வேண்டும்: தொப்புள்கொடியின் தமனி வழியே மெழுகைச் செலுத்தினால், அது நுண்கிளைகளைச் சுற்றி அதே கொடியின் சிரை வழியாகத் திரும்ப வேண்டும். பஞ்சு வெளியில் ஒரு துளி தென்பட்டாலும் சிசுவின் குழாய் எங்கோ வெடித்திருக்கிறது. அந்த நஞ்சுக்கொடியை ஒதுக்கிவிட்டு இன்னொன்றை எடுக்க வேண்டியதுதான்.