இளம் ஆண் எலிகளின் இதயம்

கோலாலம்பூரில், பல்கலைக்கழக ஆய்வுக்கூடம் ஒன்றில் எனக்கு வேலை. எலியின் இதயத்தைத் தனியே எடுத்து, குழாயில் கட்டி, 37 டிகிரிச் சூட்டில் உப்புக் கரைசல் பாய்ச்சித் துடிக்க வைப்போம். லாங்கென்டார்ஃப் என்ற ஜெர்மானியர் 1895இல் காட்டிய வழி இது. கரைசலை அரை மணி நேரம் நிறுத்தினால் அது செயற்கை மாரடைப்பு. மறுபடி திறந்துவிட்டு, தசை எவ்வளவு செத்தது என்று பார்க்க வேண்டும்.

பார்ப்பது கண்ணால்தான். இதயத்தை உறையவைத்து வில்லைகளாக அரிந்து சாயத்தில் ஊறவைத்தால், உயிருள்ள தசை செங்கல் நிறமாகிவிடும். செத்த பகுதி வெளுத்தே கிடக்கும். அந்த வெள்ளையைக் குறைக்கத்தான் உலகெங்கும் இத்தனை பேர் மண்டையை உடைத்துக்கொள்கிறார்கள்.

1986இல் அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழகத்தில் ஒரு வியப்பு நிகழ்ந்தது. நாயின் இதய ரத்தக்குழாய் ஒன்றை ஐந்தைந்து நிமிடமாக நான்கு முறை அடைத்துத் திறந்துவிட்டு, பிறகு 40 நிமிடம் அடைத்தார்கள். வழக்கமான சேதத்தில் நான்கில் ஒரு பங்குதான் ஏற்பட்டது. சிறு அடி வாங்கிப் பழகிய இதயம் பெரிய அடியைத் தாங்கியது. எங்கள் கூடத்திலும் இது தவறாமல் நடக்கும், எலி மூன்று மாத ஆணாக இருக்கும்வரை.

"தங்கச்சி, உங்களுக்கு எப்போதும் வாலிபப் பையன்கள்தான் வேண்டும்" என்பார் விலங்குக்கூடத்து அண்ணன். உண்மைதான். முதிய எலி வேண்டுமென்றால் இருபது மாதத்துக்கு மேல் தீனி போட்டு வளர்க்க வேண்டும். பெண் எலிக்கு நான்கைந்து நாளுக்கு ஒரு ஹார்மோன் சுழற்சி வருவதால் அளவுகள் ஒரு நிலையில் நிற்காது என்பது பழைய சாக்கு. பெண் சுண்டெலிகளின் அளவுகள் ஆண்களுடையதைவிட அதிகம் அலைபாய்வதில்லை என்று 2014இல் வந்த ஒரு தொகுப்பாய்வு காட்டிவிட்டது. சாக்கு மட்டும் இன்னும் சாகவில்லை.

ஒருமுறை முதிய எலிகள் சில கிடைத்தன. அதே சிறு அடிகளைக் கொடுத்துப் பார்த்தோம். வில்லைகளில் வெள்ளை குறையவே இல்லை; பழக்கப்படுத்தாத இதயத்துக்கும் இதற்கும் வித்தியாசம் தெரியவில்லை. மற்ற நாட்டுக் கூடங்கள் முன்பே எழுதிவைத்ததுதான். ஆனாலும் தட்டில் நேரில் பார்ப்பது வேறு.

பெண் இதயத்தின் கதை இன்னும் சிக்கலானது. இளம் பெண் எலியின் இதயத்தில் சேதம் பெரும்பாலும் குறைவு. சூலகத்தை எடுத்துவிட்டால் அந்தச் சலுகை மங்கிவிடுகிறது. அப்படியானால் மாதவிடாய் நின்றவர்களுக்கு ஹார்மோன் கொடுத்தால் போதாதா? கொடுத்துப் பார்த்தார்கள். 16,000க்கும் அதிகமான பெண்களிடம் நடந்த அமெரிக்கச் சோதனை 2002இல் பாதியில் நிறுத்தப்பட்டது. மாரடைப்பு குறையவில்லை, சற்றுக் கூடவே செய்தது.

நம் ஊர் அவசரப் பிரிவுக்கு வருவது யார்? சர்க்கரையும் ரத்த அழுத்தமும் உள்ள மாமாக்கள், மாதவிடாய் நின்று பல ஆண்டான அத்தைகள். மூன்று மாத எலிக்கும் இவர்களுக்கும் என்ன உறவு? கையில் ரத்த அழுத்தப் பட்டையை இறுக்கித் தளர்த்தி இதயத்தைக் காக்கும் முறை விலங்குகளில் அருமையாக வேலை செய்தது. ஐரோப்பாவில் 5,000க்கும் மேற்பட்ட மாரடைப்பு நோயாளிகளிடம் செய்து பார்த்ததில் பலன் இல்லை என்று 2019இல் தெரிந்தது. எலி தேர்வு மட்டுமே காரணம் என்று சொல்ல மாட்டேன். அதற்கும் பங்கு உண்டு என்பது என் கட்சி.

இத்தாலியர்களின் இரண்டு ஆய்வுகள் எனக்குப் பிடிக்கும். மாரடைப்புக்கு முன் சில நாட்களில் நெஞ்சுவலி வந்துபோனவர்களில் நடுவயதினர் பிழைப்பது கூடியது, முதியவர்களிடம் அந்தப் பயன் இல்லை என்று 1997இல் எழுதினார்கள். உடலுழைப்பு மிகுந்த முதியவர்களிடம் மட்டும் அந்தப் பயன் நிலைத்திருந்ததாகச் சில ஆண்டுகள் கழித்து வந்தது. (வலி நல்லது என்று யாரும் வீட்டிலேயே இருந்துவிட வேண்டாம், உடனே மருத்துவமனைக்குப் போங்கள்.) தித்திவங்சா ஏரிக்கரையில் விறுவிறுவென்று நடக்கும் தாத்தாக்களைக் கண்டால், இவர்களின் இதயத்தில் எந்தக் கதவு இன்னும் திறந்திருக்கிறது என்ற கேள்விதான் எனக்கு எழும்.

அதற்காகவே அடுத்த ஆய்வுக்கு முதிய எலிகளும் பெண் எலிகளும், அவை ஓடி உடற்பயிற்சி செய்யச் சுழல் சக்கரமும் கேட்டு விண்ணப்பித்தோம். பெண் எலிகளுக்கு ஒப்புதல் வந்துவிட்டது. முதிய எலிகளுக்கு ஏன் இவ்வளவு தீனிச் செலவு என்று விளக்கம் கேட்டிருக்கிறார்கள்.