கைப்பிடியும் கைபேசியும்

வீட்டைப் பூட்டிவிட்டுக் கிளம்பும்போது பூட்டை இரண்டு தரம் இழுத்துப் பார்ப்போம். சாவி திரும்பிய சத்தம் காதில் விழுந்திருக்கும். ஆனாலும் கை இழுத்துப் பார்க்காமல் மனசு ஒப்பாது. கைபேசியில் திறந்து மூடும் ஸ்மார்ட் லாக் வந்த வீடுகளில் முதலில் காணாமல் போவது இந்த இழுப்புதான். "பூட்டப்பட்டது" என்று திரையில் எழுத்து வந்தால் போதும் என்று நடையைக் கட்டுகிறோம்.

கட்டடத்தில் கண் படும் இடங்கள் ஏராளம், கை படும் இடங்கள் கொஞ்சம். ஃபின்லாந்துக் கட்டடக் கலைஞர் யூஹானி பல்லாஸ்மா, கதவின் கைப்பிடியைக் கட்டடம் நம்மோடு கைகுலுக்கும் இடமாகப் பார்த்தார். அழகான உவமை என்று கடந்துபோகக் கூடாது, அதற்குப் பின்னால் உண்மையான உழைப்பு இருக்கிறது. தத்துவவாதி விட்கென்ஸ்டைன் தன் அக்கா மார்கரெட்டுக்காக வியன்னாவில் ஒரு வீட்டைக் கட்டுவதில் 1926 முதல் 1928 வரை ஈடுபட்டிருந்தார். அதன் கதவுப் பிடி, வளைத்த உலோகக் கம்பி மட்டுமே. அடியில் தகடு கிடையாது, அலங்காரம் கிடையாது. வேலை முடியும் தறுவாயில் ஓர் அறையின் கூரையை 3 சென்டிமீட்டர் உயர்த்தச் சொன்னவர், பிடியிலும் அதே கண்டிப்பைக் காட்டினார். இன்னொரு ஃபின்லாந்துக் கட்டடக் கலைஞரான ஆல்வார் ஆல்ட்டோவோ தன் நாட்டின் சைனாட்சாலோ நகர மன்றக் கட்டடத்தின் கதவுப் பிடியில் தோல் பட்டையைச் சுற்றினார். உலோகம் கையின் சூட்டைச் சட்டென்று உறிஞ்சிவிடும், தோலும் மரமும் அப்படிச் செய்யாது. பனி நாட்டில் இது சின்ன விஷயமில்லை.

இனி பூட்டுக்குள் போவோம். சாதாரண லீவர் பிடியிலிருந்து ஒரு சதுரக் கம்பி, பெரும்பாலும் 8 மில்லிமீட்டர், கதவைத் துளைத்துப் பூட்டுப் பெட்டிக்குள் நுழைகிறது. பிடியை அழுத்தினால் கதவின் ஓரத்தில் நீட்டிக்கொண்டிருக்கும் பூட்டின் நாக்கு உள்ளே போகும், விட்டால் ஸ்பிரிங் அதை வெளியே தள்ளும். இந்த இயக்கம் முழுவதும் கைக்குத் தெரியும். கீல் தளர்ந்து கதவு 2 மில்லிமீட்டர் இறங்கினாலே நாக்கு நிலைச்சட்டத்தில் உரசுவதைக் கை கண்டுபிடித்துவிடும். "பிடியைக் கொஞ்சம் தூக்கி மூடு" என்று வீட்டில் எல்லோரும் சொல்ல ஆரம்பிப்பார்கள். ஐப்பசி, கார்த்திகை மழையில் மரக்கதவு ஊறிப் பருக்கும்போதும் இதே கதைதான். பூட்டு நிஜமாகவே மக்கர் செய்வதற்குப் பல வாரங்கள் முன்பே ஆசாரியைக் கூப்பிட நேரம் கிடைக்கும்.

மோட்டாருக்குக் கதவைத் தூக்கி மூடத் தெரியாது. நாக்கு உரசினால் அது கூடுதல் மின்சாரத்தை இழுத்துத் தள்ளும். வெளியே யாருக்கும் எதுவும் தெரியாது, பேட்டரி மட்டும் வேகமாகத் தீரும். பிறகு ஒரு நாள் பாதியில் நின்றுவிடும். ஸ்மார்ட் லாக் பற்றிய புகார்களில் பலவற்றுக்குக் காரணம் மின்னணுப் பாகமே அல்ல, நேராக நிற்காத கதவு. ஆகவே பூட்டை மாட்டும் முன் கீல் திருகுகளை இறுக்குங்கள். நிலையில் நாக்கு விழும் துளையைச் சுற்றிலும் 2 மில்லிமீட்டர் இடைவெளி இருக்கும்படி அரம் போடுங்கள். துளையின் ஆழத்தையும் அளந்து பாருங்கள். நாக்கு 25 மில்லிமீட்டர் நீளுமென்றால் துளை அதைவிடச் சற்று ஆழமாக இருக்க வேண்டும். அடியில் முட்டினால் மோட்டார் அதைத் தடங்கல் என்று எடுத்துக்கொள்ளும்.

திரையில் வரும் எழுத்துக்கு என்ன பொருள் என்பதையும் கவனிக்க வேண்டும். பல பூட்டுகளுக்குத் தெரிவது மோட்டார் எவ்வளவு சுழன்றது என்பது மட்டுமே. கதவு லேசாகத் திறந்து கிடக்க, நாக்கு வெறும் காற்றில் நீண்டாலும் "பூட்டப்பட்டது" என்றுதான் செய்தி வரும். கதவு மூடியிருக்கிறதா என்பதை அறிய நிலையில் ஒரு காந்தமும், பூட்டில் அதை உணரும் சென்சாரும் தேவை. அந்தக் காந்தத்தை ஒட்டாமல் விட்டுவிட்டால் ஆப் சொல்வது பாதி உண்மைதான். இழுத்துப் பார்க்கும் கைக்கு இந்தக் குழப்பமே வராது. நாக்கும் கதவும் நிலையும் சேர்ந்து நிற்கின்றனவா என்பதை அது ஒரே இழுப்பில் சோதித்துவிடுகிறது.

பேட்டரியில் இன்னொரு சிக்கல். இவற்றில் பெரும்பாலும் நான்கு பென்சில் பேட்டரி போடுவார்கள். காசு மிச்சம் என்று ரீசார்ஜ் செய்யும் வகையைப் போட்டால், 1.5 வோல்ட்டுக்குப் பதில் 1.2 வோல்ட்தான் கிடைக்கும். அல்கலைன் பேட்டரியின் அழுத்தம் படிப்படியாகக் குறையும், பூட்டின் எச்சரிக்கையும் அந்தக் கணக்கை வைத்தே அமைந்திருக்கும். ரீசார்ஜ் பேட்டரியோ கடைசி வரை சமமாக நின்றுவிட்டுத் திடீரென்று விழும். எச்சரிக்கை வருவதற்குள் கதவு அடைத்துக்கொள்ளும். வெளியே 9 வோல்ட் பேட்டரி வைத்து உயிர்கொடுக்கும் முனை இருந்தால் அது எங்கே இருக்கிறது என்று முதல் நாளே பார்த்து வையுங்கள்.

கைரேகையை நம்பும் பூட்டு எல்லாக் கையையும் சமமாக நடத்துவதில்லை. சிமென்ட் கலக்கும் கை, நாள் முழுக்கப் பாத்திரம் கழுவும் கை, வயதாகி ரேகை தேய்ந்த கை ஆகியவற்றை அது வாசலில் நிறுத்திவைக்கும். ஒவ்வொருவருக்கும் இரு கைகளிலும் ஒரு விரலாவது பதிவு செய்யுங்கள். சாவித் துவாரம் இல்லாத பூட்டை நான் யாருக்கும் சிபாரிசு செய்யமாட்டேன். உள்பக்கத்தில் பிடியை அழுத்தினாலே கதவு திறக்க வேண்டும், தீ விபத்து நேரத்தில் யாராலும் எண் தட்டிக்கொண்டிருக்க முடியாது.

பித்தளைப் பிடியில் கை படும் இடம் மட்டும் பளபளக்கும், மற்ற இடம் கறுக்கும். அந்தத் தேய்மானத்தைப் பார்த்து, எத்தனையோ பேர் வந்துபோன வாசல் என்று சொல்லலாம். யார் என்று சொல்ல முடியாது. ஸ்மார்ட் லாக்கின் பதிவேடோ வீட்டு வேலைக்கு வருபவர் எத்தனை மணி எத்தனை நிமிடத்துக்கு நுழைந்தார் என்பது வரை வைத்திருக்கும். அதை யார் பார்க்கலாம், எத்தனை நாள் வைத்திருக்கலாம் என்பதை வீட்டில் பேசி முடிவெடுத்து, அவரிடமும் சொல்லிவிடுவதுதான் முறை.

பிடியைத் தேர்ந்தெடுத்த பிறகே பூட்டைத் தேடுங்கள். தரையிலிருந்து சுமார் 1 மீட்டர் உயரம், கதவுக்கும் பிடிக்கும் நடுவே விரல்கள் தாராளமாக நுழைய 45 மில்லிமீட்டர், புடவைத் தலைப்போ பையின் வாரோ மாட்டாதபடி கதவை நோக்கி வளைந்த முனை. மாட்டிய அன்று ராத்திரி விளக்கை அணைத்துவிட்டு, வீட்டில் மூத்தவரை ஈரக்கையோடு வெளியிலிருந்து திறக்கச் சொல்லுங்கள். பிறகு பூட்டச் சொல்லி, ஒரு தரம் இழுத்துப் பார்க்கச் சொல்லுங்கள்.