மத்தியானம் ஆனதும் உட்கார்ந்துவிடும் காந்தம்

நேற்று சாயங்காலம் நாலு மணியோடு 72 மணி நேரம் முடிந்தது, காந்தம் இன்னும் மிதக்கிறது. இந்த வரியை எழுதத்தான் ஐந்து மாதமாகக் காத்திருந்தேன். அதனால் முதலில் இதைச் சொல்லிவிட்டு மற்றதற்கு வருகிறேன்.

அமைப்பு இதுதான். மேலும் கீழும் பிஸ்மத் உலோகத் தட்டு, நடுவில் 6 மில்லிமீட்டர் விட்டமும் 3 மில்லிமீட்டர் உயரமும் கொண்ட நியோடிமியம் காந்த வில்லை, அதற்கு மேலே பத்து சென்டிமீட்டர் தள்ளி ஒரு தூக்குக்காந்தம். எடையைத் தாங்குவது தூக்குக்காந்தம், பிஸ்மத் செய்வதெல்லாம் வில்லை மேலே பாய்ந்துவிடாமலும் கீழே விழுந்துவிடாமலும் லேசாகத் தள்ளிக் கொடுப்பதுதான். நிலைக்காந்தங்களை மட்டும் வைத்து ஒன்றை அசையாமல் அந்தரத்தில் நிறுத்த முடியாது என்று ஆங்கிலேயக் கணித அறிஞர் ஏர்ன்ஷா 1842இல் கணக்குப் போட்டுக் காட்டினார். காந்தத்தை லேசாகத் தள்ளும் டயாகாந்தப் பொருள் கூட இருந்தால் அந்தத் தடை நிற்காது என்பதை ஜெர்மன் இயற்பியலாளர் பிரவுன்பெக் 1939இல் பிஸ்மத், கிராஃபைட் துண்டுகளை மிதக்கவிட்டே காட்டினார். போன வருஷம் நாலு காந்தக் கட்டிகளைச் சதுரங்கக் கட்டம் மாதிரி அடுக்கி, அதன்மேல் பைரோலிட்டிக் கிராஃபைட் சில்லை மிதக்கவிட்டேன். அது பத்து நிமிஷ வேலை. பிஸ்மத்தில் காந்தத்தையே மிதக்கவிடுவது வேறு ரகம்.

வார்ப்பதைப் பற்றி அதிகம் எழுதப் போவதில்லை. பாங்காக்கில் வேலை பார்க்கும் மைத்துனர் ஊருக்கு வரும்போது ஒரு கிலோ பிஸ்மத் கொண்டுவந்து கொடுத்தார். 271 டிகிரியில் உருகிவிடும், கரியடுப்பே போதும். முதல் தட்டைப் பால் டின்னில் வார்த்தேன். எங்கள் ஊரான யாங்கோனில் அரிசி அளப்பதற்கே பால் டின்தான், வீட்டில் எப்போதும் நாலைந்து கிடக்கும். ஆனால் டின்னின் உள்பூச்சு வெள்ளீயம், பிஸ்மத் அதோடு கலந்து ஒட்டிக்கொண்டது. அடுத்து நேர்ச்சுவர் உள்ள எவர்சில்வர் டப்பாவில் ஊற்றினேன். பிஸ்மத் உறையும்போது மூன்று சதவீதத்துக்கு மேல் பெருக்கும் என்று படித்திருந்தும், டப்பாவுக்குள் இறுகிக்கொண்டு வெளியே வராமல் அடம்பிடித்தபோதுதான் அது எவ்வளவு என்று கைக்குத் தெரிந்தது. வாய் அகன்று பக்கம் சாய்ந்த கிண்ணத்தில் வாருங்கள், கவிழ்த்தால் விழுந்துவிடும். மேற்பரப்பு மூடியபின் நடுவிலிருந்து உருகின உலோகம் முத்து முத்தாகப் பிதுங்கி வரும், அந்தப் பக்கத்தை வெளியே பார்த்த மாதிரி வைத்துக்கொள்ளலாம்.

இரும்பு அரம் போடவே போடாதீர்கள். நான் போட்டேன். அரத்தூள் மெத்தென்ற பிஸ்மத்துக்குள் பதிந்து, தள்ள வேண்டிய தட்டு காந்தத்தை இழுக்க ஆரம்பித்தது. அந்தத் தட்டை மறுபடி உருக்க மனம் வரவில்லை, புதிதாகவே வார்த்தேன். கண்ணாடிமேல் உப்புத்தாளை ஒட்டி, தண்ணீர் விட்டுத் தேய்த்ததில் நல்ல தட்டையாக வந்தது.

சரி, விஷயத்துக்கு வருகிறேன்.

பிப்ரவரியில் முதல்முறை மிதந்தபோது காலை ஆறரை மணி. தூக்குக்காந்தம், ரேடியோ ரிப்பேர் கடை ஊலே (பர்மியத்தில் மாமா) கிழிந்த ஸ்பீக்கரிலிருந்து கழற்றிக் கொடுத்த 80 மில்லிமீட்டர் ஃபெர்ரைட் வளையம். மிதந்தது, நானும் குளித்துச் சாப்பிட்டு வேலைக்குப் போனேன். சாயங்காலம் வந்து பார்த்தால் வில்லை கீழ்த்தட்டில் உட்கார்ந்திருந்தது. மறுநாள் காலை, தூக்குக்காந்தத்தை ஏற்றி இறக்கும் திருகைச் சரிசெய்தேன், மிதந்தது, மத்தியானம் உட்கார்ந்துவிட்டது. இப்படியே ஒரு வாரம். மகள்தான் ஞாயிற்றுக்கிழமை பக்கத்திலேயே உட்கார்ந்து காவல் காத்தாள். “அப்பா, பதினொன்றே முக்காலுக்கு விழுந்துடுச்சு” என்று நோட்டில் எழுதி வைத்திருந்தாள்.

மரச்சட்டம் ஈரத்தை இழுத்து ஊதுகிறது என்று முடிவு கட்டினேன். தேக்கு மரம், நன்றாகக் காய்ந்தது, இருந்தாலும் சந்தேகம். தெயின்ஜி சந்தைப் பக்கம் அலைந்து அலுமினியக் குழாய் வாங்கி, சட்டத்தை முழுக்க மாற்றினேன். இரண்டு ஞாயிறு போயிற்று. அதே பதினொன்றே முக்கால்.

அப்புறம்தான் செய்ய வேண்டியதைச் செய்தேன். சமையல் தெர்மாமீட்டரைச் சட்டத்தில் கட்டி, வில்லையை நடுவுக்குக் கொண்டுவரத் திருகை எவ்வளவு திருப்ப வேண்டியிருக்கிறது என்று மணிக்கு ஒருமுறை குறித்தேன். காலையில் 26 டிகிரி. தகரக் கூரைக்குக் கீழே மத்தியானம் 36. அந்தப் பத்து டிகிரிக்கு நடுவில் தூக்குக்காந்தத்தை முக்கால் சுற்று இறக்க வேண்டியிருந்தது. எம்6 திருகுக்கு ஒரு சுற்று ஒரு மில்லிமீட்டர், ஆக முக்கால் மில்லிமீட்டர். அலுமினியம் பத்து சென்டிமீட்டர் நீளத்துக்குப் பத்து டிகிரியில் நீளுவது 0.023 மில்லிமீட்டர்தான். சட்டத்தின்மேல் பழி போட இடமே இல்லை.

குற்றவாளி காந்தமேதான். ஃபெர்ரைட் ஒரு டிகிரிக்கு 0.2 சதவீதம் பலம் இழக்கும், நியோடிமியம் 0.12. இழுவிசை இரண்டின் பெருக்கல் என்பதால் இரண்டு இழப்பும் சேர்ந்துகொள்ளும்: டிகிரிக்கு 0.32, பத்து டிகிரிக்கு 3.2 சதவீதம். தூரம் கூடக் கூட இந்த விசை ஏறத்தாழ நான்காம் அடுக்கில் குறைவதால், 3.2 சதவீதத்தை ஈடுகட்டத் தூரத்தை 0.8 சதவீதம் குறைத்தால் போதும். பத்து சென்டிமீட்டரில் அது 0.8 மில்லிமீட்டர். நான் நோட்டில் எழுதியிருந்தது 0.75! அந்த ராத்திரி கரண்டு இல்லை, மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் இந்தக் கணக்கைப் போட்டேன், விடை வந்ததும் வீட்டில் எல்லோரையும் எழுப்பிச் சொன்னேன். அம்மா எழுந்து வந்து பொறுமையாகக் கேட்டுவிட்டு, “அப்ப வெயில்ல வைக்காதப்பா” என்றார். அதுதான் சரியான பதில் என்று பிறகு தெரிந்தது.

இன்னொரு பாதிக் குற்றம் இடைவெளியில் இருந்தது. மிதப்பது கண்ணுக்கு நன்றாகத் தெரிய வேண்டும் என்ற ஆசையில் தட்டுகளுக்கு நடுவே 6.5 மில்லிமீட்டர் விட்டிருந்தேன், அதாவது மேலே ஒன்றேமுக்கால், கீழே ஒன்றேமுக்கால். அந்தத் தூரத்தில் பிஸ்மத் தள்ளுவது வில்லையின் எடையில் சில சதவீதம்தான் இருக்கும், அதற்குள் 3.2 சதவீதம் போய்விட்டால் என்ன மிஞ்சும்? தட்டு நெருங்க நெருங்க இந்தத் தள்ளுவிசை மிக வேகமாக ஏறும். 4.5க்குக் கொண்டுவந்தால் காலை முதல் ராத்திரி வரை தானாக நிற்கிறது, பார்க்கத்தான் கண்ணாடி போட வேண்டியிருக்கிறது. 5.5இல் நிறுத்திக்கொண்டேன். பாட்டிக்கும் தெரிய வேண்டும் அல்லவா.

தூக்குக்காந்தத்தையும் மாற்றினேன். 25 மில்லிமீட்டர் நியோடிமியம் வட்டு இரண்டு, மொத்த இழப்பு டிகிரிக்கு 0.24 ஆகக் குறைந்தது. இந்த வட்டுகளை வாங்கியதில் ஒரு மனக்குறை உண்டு. என்52 (நியோடிமியத்தில் பலம் மிகுந்த தரம்) என்று விளம்பரம் போட்டு விற்றவர் அனுப்பியது அதைவிடப் பலவீனமானது, கணக்குப்படி பத்து சென்டிமீட்டரில் நிற்க வேண்டியது ஒன்பதில்தான் நின்றது. காசு வாங்கிக்கொண்டு இப்படிச் செய்வது எனக்குப் பிடிக்கவில்லை, சொல்லியும் பதில் இல்லை.

திருகைப் பற்றி ஒரு வார்த்தை. இரும்புத் திருகு கூடவே கூடாது, தூக்குக்காந்தம் அதைக் காந்தமாக்கிவிடும், ஒவ்வொரு தடவை திருப்பும்போதும் புலம் வேறு மாதிரி ஆகும். பித்தளை போடுங்கள். மரைக்குள் ஆட்டம் இருந்தால், இறக்கும்போது ஒரு கணக்கும் ஏற்றும்போது வேறு கணக்கும் வரும். நான் பழைய பேனாவின் ஸ்பிரிங்கைத் திருகின் கீழே கொடுத்து எப்போதும் ஒரு பக்கம் அழுத்தியிருக்கும்படி செய்தேன். ஐந்து மாதத்தில் செய்த வேலைகளிலேயே எனக்கு மிகவும் திருப்தி தந்தது இந்த ஸ்பிரிங்தான். இப்போது திருகின் தலையில் ஒட்டின தகரத் தட்டில் நாற்பது கோடு, ஒரு கோடு நகர்த்தினால் வில்லை கொஞ்சம் எழும்புவதைக் கண்ணால் பார்க்கலாம்.

கடைசியாக, அம்மா சொன்னது. மீன்கடையிலிருந்து ஒரு தெர்மாகோல் பெட்டி வாங்கி, கழுவிக் காயவைத்து, அடியில் தண்ணீர் நிரப்பின நாலு பாட்டில் வைத்து, நடுவில் சட்டத்தை இறக்கினேன். வெளியே பத்து டிகிரி ஏறி இறங்கினால் உள்ளே மூன்றுக்கு மேல் மாறுவதில்லை. மூன்று டிகிரிக்கு இழப்பு 0.7 சதவீதம், அதைப் பிஸ்மத் தாங்கிக்கொள்கிறது. திங்கட்கிழமை சாயங்காலம் நாலு மணிக்கு மூடினேன்.

இந்த மூன்று நாளில் நாலு தடவை கரண்டு போனது. போன ஒவ்வொரு தடவையும் டார்ச்சை எடுத்துக்கொண்டு போய்ப் பார்த்தோம். மின்விசிறி நிற்கிறது, ஃபிரிட்ஜ் நிற்கிறது, இது மட்டும் இருட்டில் தன்பாட்டுக்கு அந்தரத்தில் நிற்கிறது. ஸ்ட்ராவால் பக்கவாட்டில் மெதுவாக ஊதினால் சுற்ற ஆரம்பித்து, நிற்க நிமிஷக்கணக்கில் ஆகிறது. தெருவில் லாரி போனால் நடுங்குகிறது. மகள் பள்ளித் தோழிகளை அழைத்து வந்தாள், ஒருத்தி “இதுக்கு பேட்டரி எங்கே அங்கிள்?” என்று பெட்டியைச் சுற்றிச் சுற்றித் தேடினாள்.

அடுத்தது சமாரியம் கோபால்ட் காந்தம். அதன் இழப்பு டிகிரிக்கு 0.04 சுற்றுவட்டாரம், தூக்குக்காந்தத்தை அதில் போட்டால் மொத்தம் 0.16க்கு இறங்கும், பெட்டி இல்லாமலே மேசைமேல் வைக்க முடியலாம். இங்கே கிடைக்கவில்லை. தீபாவளிக்கு வரும் மைத்துனரிடம் சொல்லியிருக்கிறேன். விமானத்தில் காந்தம் கொண்டுவருவதென்றால் புலம் வெளியே கசியாமல் இரும்புத் தகடு சுற்ற வேண்டும், அதற்கு அளவும் எழுதிக் கொடுத்துவிட்டேன். அதற்குள் பழைய கிராஃபைட் சில்லையும் மறுபடி எடுக்கலாம் என்று தோன்றுகிறது. ஓரத்தில் வெளிச்சம் பாய்ச்சிச் சூடாக்கினால் அந்த இடத்தில் டயாகாந்தத் தன்மை குறைந்து சில்லு நகரும். மத்தியான வெயிலும் ஒரு பூதக்கண்ணாடியும் போதுமா என்று பார்க்க வேண்டும்.

ஆனால் முதலில் மீன்பெட்டியின் மூடியில் ஜன்னல் வெட்ட வேண்டும். ஒவ்வொரு தடவை திறக்கும்போதும் உள்ளே ஒரு டிகிரி ஏறிவிடுகிறது. இரட்டைக் கண்ணாடி போடுவதா ஒற்றையா என்று இன்னும் முடிவாகவில்லை. கண்ணாடிக்கடையில் நாலு அங்குலத்துக்கு ஐந்து அங்குலம் என்று இரண்டு துண்டு வெட்டச் சொல்லியிருக்கிறேன், சனிக்கிழமை கிடைக்கும்.